கே.ஆர். மார்க்கெட் பஸ்ஸில் ஏறுகிறவர்களே, இந்த மகாராணியைத் தெரியுமா?

பெங்களூர் அடுகோடியில் பஸ் ஏறி கே.ஆர். மார்க்கெட்டில் இறங்குகிறீர்களே, அந்த ‘கே.ஆர்.’ யார் தெரியுமா? மைசூர் மகாராஜா கிருஷ்ணராஜேந்திர உடையார்! சரி, பக்கத்திலேயே வாணி விலாஸ் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த வாணி விலாஸ் யார்? அவருடைய அம்மா! மகன் பெயரில் மார்க்கெட், அம்மா பெயரில் ஆஸ்பத்திரி.

கெம்பநஞ்சம்மணி என்பது அவர் பெயர். 1894 டிசம்பரில் கணவர் சாமராஜேந்திர உடையார் கல்கத்தா போன இடத்தில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனார். வயது 31தான். மூத்த மகனுக்குப் பத்து வயது. முப்பதுகூட நிரம்பாத மகாராணி, மகன் பெயரில் ஆட்சியை ஏற்றார்! ‘வாணி விலாச சன்னிதானம்’ என்பது அவருடைய பட்டம்.

வந்த சோதனைகளைப் பாருங்கள். 1897 பிப்ரவரியில், மகள் கல்யாணச் சமயத்தில், மைசூரின் மர அரண்மனை எரிந்து சாம்பல்! புது அரண்மனைக்கு யாரைப் பிடித்தார் தெரியுமா? நம் சென்னை ஐகோர்ட்டைக் கட்டி முடித்த ஹென்றி இர்வினை! இன்று தசராவுக்கு விளக்கு போட்டு மின்னுவது அந்த அரண்மனைதான். அதே 1897 ஜூனில் பெங்களூரில் விக்டோரியா ஆஸ்பத்திரிக்கு அடிக்கல் நாட்டினார். மறுவருடமே ஊருக்குள் பிளேக் புகுந்தது. நெரிசல் குறைய வேண்டுமென்று பசவனகுடியும் மல்லேஸ்வரமும் வேகமாக எழும்பின.

இன்னும் கேளுங்கள். 1902 ஜூனில் சிவசமுத்திரத்துக் காவிரி நீரில் எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடி கோலார் தங்கவயலைத் தொட்டது! நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி உழைத்த அதே சுரங்கங்கள். பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கப்புறம், 1905இல்தான்.

எல்லாப் பெருமையும் மகாராணிக்கே என்றால் திவான் சேஷாத்ரி ஐயர் கோபித்துக்கொள்வார். பாலக்காட்டுத் தமிழரான அவர்தான் திட்டங்களின் மூளை. ஆனால் மூளை இருந்தால் போதுமா, பின்னால் நிற்க ஆள் வேண்டாமா?

ஹிரியூர் பக்கம் வாணி விலாச சாகர் அணையும் மகாராணியின் ஆட்சியில்தான் தொடங்கியது. 1933க்குப் பிறகு அது நிரம்பி வழிந்தது எப்போது தெரியுமா? 2022இல்! நடுவில் 89 வருடம்!

இந்த மகாராணிக்கும் முன்னோடி உண்டு. ஹைதர் அலியிடம் அதிகாரத்தைப் பறிகொடுத்த இரண்டாம் கிருஷ்ணராஜ உடையாரின் மனைவி லட்சுமி அம்மணி. காவலுக்குள் இருந்துகொண்டே தூதரை அனுப்பி, 1782இல் தஞ்சாவூரில் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் போட வைத்தார்! பலன் கிடைத்தது 1799இல், ஐந்து வயதுப் பேரன் அரியணை ஏறியபோது. பதினேழு வருடக் காத்திருப்பு!

மறைவில் இருந்து அதிகாரம் செலுத்திய மனைவியும் உண்டு. அமெரிக்காவில் 1919இல் ஜனாதிபதி உட்ரோ வில்சன் பக்கவாதத்தில் படுத்தபோது, எந்தக் கோப்பு அவர் பார்வைக்குப் போகலாம் என்று முடிவு செய்தது மனைவி எடித். அதுவும் மூடிய கதவுக்குப் பின்னால், ஊருக்குத் தெரியாமல்.

நம் மகாராணி ஊரறிய ஆண்டார். 1902 ஆகஸ்ட் 8ஆம் தேதி, பதினெட்டு வயது மகனிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.