பொது நிருவாக முதுகலைப் பாடத்திட்டத்தில் அளவாய்வு முறையியல்

சென்னைப் பல்கலைக்கழகம் பொது நிருவாகப் பட்டயப் படிப்பை 1937இல் தொடங்கியது. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே அதன் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை வினாநிரலுடன் சிற்றூர்களுக்கு அனுப்பியிருந்தார். நிருவாகவியல் வகுப்புகளிலோ அளவாய்வு இன்றும் பெரும்பாலும் ‘ஆராய்ச்சி முறைகள்’ தாளின் ஓர் அலகாகவே நிற்கிறது.

தனித்தாளின் தேவையைக் காரைக்காலின் வரிச்சிக்குடி போன்ற ஊர்களில் காணலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் 2006இல்தான் நடைபெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இல்லாதபோது, மனு எழுதத் தெரிந்தவரின் குறையே அலுவலகத்தை எளிதில் எட்டும்; எழுதாதவரின் குறையை அறிய அளவாய்வு வேண்டும். ஆனால் குடும்ப அட்டைப் பட்டியலையே மாதிரிச் சட்டகமாகக் கொண்டால் அட்டையற்றோர் தொடக்கத்திலேயே விடுபடுவர். எளிய வாய்ப்பு மாதிரியில் 385 பேர் இருப்பின், 95 விழுக்காட்டு நம்பக அளவில் பிழை ஏறத்தாழ ஐந்து புள்ளிக்குள் அடங்கும் என்பது பாடநூல் கணக்கு. பட்டியலில் விடுபட்டோரால் நேரும் பிழையை எந்த எண்ணிக்கையும் குறைக்காது. வினவும் வேளையும் அத்தகையதே: நடவுக்காலத்தில் பகலில் மட்டும் வீடு வீடாகச் சென்றால், வயலுக்குப் போன பெண்களின் விடை கிடைக்காது. இவற்றைக் கரும்பலகையில் விளக்கிவிடலாம், பழக்க இயலாது. ஆகவே பருவத்தின் பாதியேனும் வினாநிரல் முன்சோதனைக்கும் களப்பணிக்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும்.