கம்ப்யூட்டரைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும்

வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு படுத்து, எல்லோருக்கும் முன்பாக எழுந்திருக்கிறவள் குடும்பத் தலைவி. அடுப்பைப் பற்ற வைத்துப் பாலைக் காய்ச்சிவிட்டு, அப்புறம்தான் குழந்தைகளை ஒவ்வொருவராக எழுப்புகிறோம். நம் வீட்டுக் கம்ப்யூட்டரும் கிட்டத்தட்ட இதே முறையில்தான் தினமும் கண் விழிக்கிறது என்றால் நம்புவீர்களா?

கம்ப்யூட்டர் இப்போது ஆபீஸ் சாமான் மட்டும் அல்ல. குழந்தைகளின் பாடம், கரண்ட் பில், வங்கிக் கணக்கு, கல்யாண ஆல்பம், பேரக் குழந்தையின் முதல் சிரிப்பு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனாலும் அது கொஞ்சம் முரண்டு பிடித்தால், "அவர் வரட்டும்", "பையன் வந்து பார்க்கட்டும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். மிக்ஸியும் குக்கரும் பழகின கைக்கு இது பெரிய வித்தையா என்ன? கம்ப்யூட்டரை ஒழுங்காகக் கிளப்பவும், நிறுத்தவும், மறுபடி கிளப்பவும் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது, சகோதரிகளே!

முதலில் விழிப்பது யார்?

பட்டனை அமுக்கியவுடன் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. உள்ளே ஒரு சின்ன சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ஒரு புரோகிராம். பழைய மெஷின்களில் அதற்கு பயாஸ் என்று பெயர், புதியவற்றில் யூ.ஈ.எஃப்.ஐ. கீபோர்டு, மெமரி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அது ஒரு சுற்றுப் பார்க்கும். பிறகு டிஸ்கில் விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அதை எழுப்பிவிடும்.

டிஸ்க் என்பது நம் சாமான் அறை மாதிரி. ரேம் என்னும் மெமரி, அடுப்பு மேடை மாதிரி. சாமான் அறையில் இருப்பது ராத்திரி விளக்கை அணைத்தாலும் அப்படியே இருக்கும். மேடையில் இருப்பதோ கரண்ட் போனால் துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் விண்டோஸை டிஸ்கிலிருந்து எடுத்து ரேமில் வைத்தாக வேண்டியிருக்கிறது. இதற்குத்தான் பூட் ஆவது என்று பெயர்.

1975ல் வந்த ஆல்டேர் 8800 என்ற கம்ப்யூட்டரில், முன்பக்கம் வரிசையாக இருந்த சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தட்டித்தான் முதல் கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். 1981ல் வந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரில் அந்த வேலையை உள்ளே இருந்த சிப்பே பார்த்துக்கொண்டது. அதில்தான் டேவிட் பிராட்லி என்ற இஞ்சினியர், மறுபடி கிளப்புவதற்காக கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் என்ற மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கும் வழியை வைத்தார். தெரியாமல் கை பட்டு மெஷின் மறுபடி கிளம்பிவிடக் கூடாதே என்று, இரண்டு கையும் தேவைப்படுகிற மாதிரி பட்டன்களைத் தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுத்தார்கள்.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

"நான்தான் தினமும் ராத்திரி நிறுத்திவிடுகிறேனே, அப்புறம் ஏன் ரீஸ்டார்ட்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

2012ல் வந்த விண்டோஸ் 8லிருந்து, சீக்கிரம் கிளம்புவதற்காக ஒரு சௌகரியம் செய்திருக்கிறார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று அதற்குப் பெயர். ஷட் டவுன் கொடுத்தால் நாம் திறந்து வைத்த வேலைகள் எல்லாம் மூடப்படும். ஆனால் விண்டோஸின் மூலப் பகுதி, அது இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். காலையில் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். ராத்திரியே காய் நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறோம் அல்லவா, அந்த மாதிரி. காலை வேலை சுலபம்தான். ஆனால் டப்பாவில் ஒரு காய் அழுகியிருந்தால், மறுநாள் சாம்பாருக்கும் அதேதான் வந்து சேரும்!

ரீஸ்டார்ட் கொடுத்தால் அந்த டப்பாவைத் தொடுவதே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எடுத்து ஆரம்பிக்கிறது. பிரிண்டர் அச்சடிக்க மறுப்பது, சத்தம் வராமல் போவது, இன்டர்நெட் பிடிக்காமல் அடம் செய்வது போன்ற பல கோளாறுகள் ஷட் டவுனில் போகாமல் ரீஸ்டார்ட்டில் போய்விடுவதன் ரகசியம் இதுதான்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மானேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் சி.பி.யூ. என்று போனால், அப் டைம் என்று நாளும் மணியும் காட்டும். எங்கள் வீட்டில் அது 11 நாள் என்று காட்டியது. அத்தனை நாளும் ராத்திரி தவறாமல் ஷட் டவுன் செய்துகொண்டுதான் இருந்தோம்!

அசையாமல் நின்றுவிட்டால்

உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள். முதலில் சில நிமிஷம் பொறுங்கள். அப்புறம் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் அமுக்குங்கள். இப்போதெல்லாம் இதனால் மெஷின் உடனே அணைவதில்லை. ஒரு திரை வரும். அதில் வலது பக்கம் கீழே இருக்கும் பவர் அடையாளத்தைத் தொட்டால் ரீஸ்டார்ட் இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் மட்டும், பவர் பட்டனைப் பத்து விநாடி வரை அமுக்கிப் பிடித்து அணைக்கலாம். அப்போது சேமிக்காத வேலை போய்விடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டுப் போகவும் கூடும். ஆகவே இது கடைசி வைத்தியம்.

விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு சதவீதம் காட்டும் நேரத்தில் எவ்வளவு அவசரமானாலும் அணைக்கக் கூடாது. பிரஷர் அடங்குமுன் குக்கரைத் திறப்போமா? லாப்டாப் என்றால் சார்ஜரைச் சொருகி வையுங்கள். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் யூ.பி.எஸ். இருப்பது நல்லது. கரண்ட் போனாலும் முறையாக நிறுத்துவதற்குச் சில நிமிஷம் கிடைக்கும்.

கிளம்பவே மறுத்தால்

எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் கண் கலங்க வந்து நின்றார்.

"கறுப்புத் திரையில வெள்ளையா ஏதோ எழுத்து வருதும்மா. கடைக்காரர் ஃபோன்லயே, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்னுட்டார். பேத்தி ஃபோட்டோ எல்லாம் போயிடுமா?"

என் மகள் போய்ப் பார்த்தாள். "பெரியம்மா, இந்தப் பென் டிரைவை எப்ப சொருகினீங்க?"

"நேத்து பாட்டு கேக்கறதுக்கு."

அதை உருவிவிட்டு மறுபடி பட்டனை அமுக்கினாள். விண்டோஸ் சமர்த்தாக வந்து நின்றது. அது பழைய மெஷின்; முதலில் பென் டிரைவில் விண்டோஸ் இருக்கிறதா என்று தேடும்படி வைத்திருந்தார்கள். அங்கே இருந்ததோ வெறும் பாட்டு! தேடியது கிடைக்காமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆகவே கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால், பென் டிரைவ் முதலான வெளிச் சாமான்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு முறை பாருங்கள்.

கேட்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் வார்த்தைகளில் மட்டும் ஜாக்கிரதை. ரீஸ்டார்ட் என்றால் மறுபடி கிளப்புவது. சேமித்து வைத்தது எதுவும் போகாது. ரீசெட் என்றால் விண்டோஸையே புதிதாகப் போடுவது. அதில், என் ஃபைல்களை வைத்துக்கொள் என்றும், எல்லாவற்றையும் நீக்கு என்றும் இரண்டு வழி கேட்கும். முதலாவதில் ஃபோட்டோக்கள் தங்கும். நாமாகச் சேர்த்த புரோகிராம்கள் போய்விடும். இரண்டாவதில் எல்லாமே போய்விடும். ஃபார்மட் என்றால் டிஸ்கையே காலி செய்வது. யார் வந்து எதைச் செய்கிறேன் என்றாலும், "ஃபோட்டோவைத் தனியா காப்பி எடுத்தாச்சா?" என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வீடு மெழுகிக் கழுவுகிற மாதிரி, வாரத்தில் ஒரு நாள் எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டு ஒரு ரீஸ்டார்ட் கொடுங்கள். மாதம் ஒரு நாள், முக்கியமான படங்களையும் கணக்குகளையும் வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்து பீரோவில் வையுங்கள். மெஷின் போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். குழந்தை முதல் அடி எடுத்து வைத்த படத்தை எந்தக் கடையில் வாங்குவது?