மத்திக்கும் ஒரு பேரேடு

மீன் அமிலம் போடாத இயற்கை விவசாயி நம்ம கூட்டத்தில் குறைவு. ஒரு கிலோ மீன், ஒரு கிலோ வெல்லம், மூடி போட்ட வாளி, 21 நாள். பத்து லிட்டர் டேங்குக்கு 100 மில்லி அடித்தால் போதும், கத்தரியும் வெண்டையும் பச்சை கட்டி நிற்கும். சாணம் நாட்டு மாட்டுடையதா, அந்த மாடு என்ன தின்றது என்று துருவித் துருவிக் கேட்கிறவர்கள் நாம். வாளிக்குள் போகிற மீனைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

மீன் உரம் ஒன்றும் புதுசு இல்லை. வங்கி வேலைக்கு வந்த காலத்தில் கூட்டுறவு வரலாறு படித்தவர்களுக்கு பிரெடரிக் நிக்கல்சன் என்ற பெயர் நினைவிருக்கும். கிராமத்துக் குடியானவனுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் வேண்டும் என்று 1895இல் சென்னை அரசுக்கு அறிக்கை எழுதியவர். அதே மனிதர்தான் 1907இல் சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையையும் தொடங்கி வைத்தார். மலபார் கரையில் மத்தி குவிகிற காலம் அது. மத்தியை வேகவைத்து, எண்ணெய் பிழிந்து, சக்கையைக் காயவைத்துத் தோட்டங்களுக்கு உரமாக விற்கிற தொழிலை அந்தத் துறை வளர்த்தது. 1940களில் மத்தி வரத்து படுத்துவிட்டது. 1943இல் குஞ்சு மத்தியையும் சினை மத்தியையும் பிடிக்கக் கட்டுப்பாடு போட்டார்கள். அதை அமல்படுத்த முடியாமல் சில வருஷத்தில் கைவிட்டார்கள்.

கடலில் இருக்கிற மீனை யார் எண்ண முடியும்? கரைக்கு வருகிற மீனைத்தான் எண்ண முடியும். அந்த வேலையைச் செய்வது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1947இல் தொடங்கியது, பல வருஷம் மண்டபத்தில் இருந்தது, 1971இல் கொச்சிக்குப் போனது. நாட்டில் மீன் இறங்குதளங்கள் ஆயிரத்துக்கும் மேல். எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் மாதிரி எடுக்கிறார்கள். வங்கிக்குத் தணிக்கைக்கு வருகிறவர் எல்லாக் கணக்கையும் புரட்ட மாட்டார். முறையாகச் சிலதைப் பொறுக்கி எடுத்து முழுக் கிளையையும் எடை போடுவார். இங்கேயும் அதே கதைதான். குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்த இறங்குதளத்தில் ஒரு நாள் மதியத்திலிருந்து மாலை வரை, மறுநாள் காலையிலிருந்து மதியம் வரை கணக்காளர் நிற்பார். ராத்திரி வந்த படகுகளை விசாரித்து எழுதிக்கொள்வார்.

நாகப்பட்டினத்தில் அப்படி ஒருத்தரைக் கொஞ்ச நேரம் கவனித்தேன். ஏலக் கூச்சலுக்கு நடுவில் நோட்டும் கையுமாக நிற்கிறார். எத்தனை கூடை என்பதோடு விடுவதில்லை. என்ன வலை, எத்தனை மணி நேரம் கடலில் இருந்தீர்கள், எத்தனை ஆழத்தில் போட்டீர்கள் என்று படகோட்டியைக் கேட்கிறார். அவர்கள் அலுத்துக்கொண்டே பதில் சொல்கிறார்கள். கணக்கின் உயிரே அந்தக் கேள்விகளில்தான் இருக்கு. மீன் குறைந்தது என்றால், படகு போகாததால் குறைந்ததா, போயும் கிடைக்காமல் குறைந்ததா? ஒரு மணி நேர உழைப்புக்கு எவ்வளவு மீன் என்று பார்த்தால்தான் தெரியும். மொத்த டன் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பெரிய எஞ்சின், பெரிய வலை வந்ததாலேயே டன் ஏறிக்கொண்டு போகும், கடலில் மீன் இறங்கிக்கொண்டு போனாலும்.

இன்னொன்று, நீளம். ஒரு கை மீனை எடுத்து அளவுப் பலகையில் வைத்து அளக்கிறார்கள், வயிற்றைக் கீறிச் சினை பார்க்கிறார்கள். பிடிபடுகிற மீனின் சராசரி நீளம் வருஷா வருஷம் குறைந்தால், வட்டி தீர்ந்து முதலில் கைவைத்தாச்சு என்று அர்த்தம்.

மத்திக் கணக்கு எப்படிப் போச்சு பாருங்கள். கேரளத்தில் 2012இல் கிட்டத்தட்ட நாலு லட்சம் டன். 2021இல் 3,297 டன். நூறு மூட்டை விளைந்த வயலில் ஒரு மூட்டைகூடத் தேறவில்லை என்கிற மாதிரி. பிடிப்பு மிதமிஞ்சிப் போனது ஒரு காரணம், 2015ஐ ஒட்டி வந்த எல் நினோவில் கடல் சூடானது இன்னொரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மத்தி குறுகிய ஆயுள் மீன், ரெண்டு ரெண்டரை வருஷம்தான். மழையும் நீரின் சூடும் மாறினாலே ஏறும், இறங்கும். அப்படி இறங்குகிற நேரத்தில் குஞ்சையும் அள்ளினால் எழுந்திருக்க விதை இருக்காது.

கேரள அரசு 2015இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளம் நிர்ணயித்தது, பிறகு 58 வகைக்கு விரித்தது. மத்திக்குப் பத்து சென்டிமீட்டர், அயிலைக்குப் பதினாலு. மத்தி சினை பிடிக்கிறதே பதினைந்தை ஒட்டித்தான், ஆகவே என் கணக்கில் இது ரொம்பத் தாராளமான சட்டம். ஆனால் அதுகூட இல்லாத கரைகள் உண்டு.

நம்ம பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தடை முடிந்து கண் சின்ன இழுவைமடி அடியோடு வாரிக்கொண்டு வருகிற கழிசலைப் பாருங்கள். விரல் நீளச் சங்கரா, கிளி மீன், நண்டுக் குஞ்சு. உண்ண ஆள் இல்லாததால் மீன் தூள் ஆலைக்கும், அங்கிருந்து கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைக்கும் போகிறது. அதில் ஒரு சின்னப் பங்கு "உரத்துக்கு மலிவு மீன்" என்ற பெயரில் நம்ம வாளிக்கும் வருகிறது. நம்ம பங்கு கொஞ்சம்தான், ஆனாலும் வாங்க ஆள் இருக்கிறவரை அந்தக் குஞ்சுக்கு ஒரு விலை இருக்கு.

எங்க தோட்டத்தில் மீன் அமிலத்துக்கு முழு மீன் வாங்குவதில்லை. சாயங்காலம் மார்க்கெட் கலைகிற நேரத்தில், மீன் வெட்டித் தருகிற அக்கா தலை, குடல், செவுள் எல்லாம் ஒரு வாளியில் எடுத்து வைத்திருப்பார். வாளிக்கு ஒரு தொகை பேசி வைத்திருக்கிறோம். முழு மீனில் வருகிற அதே அமிலம் அதிலும் வருகிறது, வாடை மட்டும் கொஞ்சம் கூட. தடைக்காலத்தில் வாளி பாதிதான் நிறையும். அந்த ரெண்டு மாசம் பஞ்சகவ்யாவை வைத்து ஓட்டிக்கொள்கிறோம்.