பறவைக்கு வாடகை வயல்!

அறுவடை முடிந்த நெல் வயல். குளிர்காலம் முழுவதும் தேங்கி நின்ற தண்ணீரை வடிக்க வேண்டிய நேரம். அப்போது ஒருவர் வந்து, "தண்ணீரை இன்னும் சில வாரம் அப்படியே வைத்திருங்கள், வாடகை தருகிறோம்" என்றால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து விவசாயிகளிடம் 2014-ம் ஆண்டு இப்படித்தான் கேட்டார்கள். வாடகைக்குக் குடிவரப் போகிறவர்கள் யார்? பறவைகள்!

சிறிய பறவை, நீண்ட பயணம்

நம் ஊர் நீர்நிலைகளுக்குக் குளிர்காலத்தில் வரும் கொசு உள்ளானைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த உள்ளான் ஒன்று அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. எடை சுமார் 30 கிராம்தான். குளிர்காலத்தைத் தெற்கே கழித்துவிட்டு, வசந்தம் வந்ததும் முட்டையிடுவதற்காக வடக்கே அலாஸ்காவுக்குப் பறக்கிறது.

வழியில் இறங்க வேண்டும், இளைப்பாற வேண்டும், வயிறார உண்ண வேண்டும். இரண்டு மூன்று அங்குலத் தண்ணீரும், சேற்றில் நெளியும் புழுபூச்சிகளும் இருந்தால் போதும். ஆழமான தண்ணீர் அதற்கு உதவாது. அதன் கால்கள் அவ்வளவு குட்டை!

கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பெரிய பெரிய சதுப்பு நிலங்கள் இருந்தன. அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று இல்லை. வயலாகவும், தோப்பாகவும், ஊராகவும் மாறிவிட்டன.

வைக்கோல் செய்த உதவி

முன்பு அங்கே அறுவடைக்குப் பிறகு வைக்கோலை வயலிலேயே கொளுத்துவார்கள். புகை தாங்க முடியவில்லை. 1991-ம் ஆண்டு அதைக் குறைக்கச் சட்டம் வந்தது. எனவே விவசாயிகள் குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டி வைக்கோலை மக்க வைத்தார்கள். பறவைகளுக்குக் கொண்டாட்டம்!

ஆனால் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் அடுத்த விதைப்புக்காகத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். உள்ளான் கூட்டம் வடக்கே திரும்பி வரும் நேரமும் அதுதான். வந்து பார்த்தால் காய்ந்த நிலம்!

இரண்டு படங்கள்

பறவைகள் எந்த வாரம், எந்த இடத்தில் இறங்கும்? அது தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் கட்டலாம்.

இதற்கு விடை தந்தவர்கள் பொதுமக்கள். 2002-ம் ஆண்டு தொடங்கிய "ஈபேர்டு" என்ற திட்டத்தில், யார் வேண்டுமானாலும் தாம் பார்த்த பறவை, இடம், தேதி ஆகியவற்றை எழுதி அனுப்பலாம். கார்னெல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்தக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்துக் கணக்கிட்டார்கள். யாரும் போய்ப் பார்க்காத இடங்களில்கூட எந்த வாரம் பறவைகள் வரக்கூடும் என்று ஒரு வரைபடம் கிடைத்தது.

தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பறவை வரும், ஆனால் தண்ணீர் இராது என்ற இடங்கள் பளிச்சென்று தெரிந்தன.

தலைகீழ் ஏலம்

நிலத்தை விலைக்கு வாங்க ஏராளமான பணம் வேண்டும். பறவைக்கோ சில வாரங்களுக்குத்தான் இடம் தேவை. அதனால் "நேச்சர் கன்சர்வன்சி" என்ற அமைப்பு வயலை வாடகைக்கு எடுக்க முன்வந்தது.

சாதாரண ஏலத்தில் அதிகம் கேட்பவருக்கே பொருள். இதில் தலைகீழ்! "இத்தனை டாலர் தந்தால் தண்ணீர் வைக்கிறேன்" என்று விவசாயியே விலை சொன்னார். நல்ல இடத்தில், நியாயமான விலை சொன்னவரின் வயலைத் தேர்ந்தெடுத்தார்கள்.

தண்ணீர் அதிக நாள் நின்றால் விதைப்பு தள்ளிப் போகுமே என்ற கவலை விவசாயிக்கு உண்டு. ஆகவே அந்த நஷ்டத்தையும் கணக்குப் பார்த்து விலை சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

பலன் என்ன?

2014-ல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. அப்படியும் சுமார் பத்தாயிரம் ஏக்கரில் தண்ணீர் நின்றது. பறவைகள் வந்தன! திட்டத்தில் சேராத வயல்களைவிட இந்த வயல்களில் கரைப்பறவைகள் சுமார் 5 மடங்கு அதிகமாகக் கூடின என்று 2017-ல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை கூறுகிறது.

வாடகைக்கு எடுத்த வயல் நிரந்தரமான வீடு அல்ல. அடுத்த பருவத்துக்கு மறுபடியும் பணம் வேண்டும், தண்ணீர் வேண்டும், விவசாயியின் சம்மதமும் வேண்டும்.

ஆனால் வாடகைக் காலம் முடிந்ததும் விவசாயி தண்ணீரை வடித்து, உழுது, விதைக்கலாம். வயிறு நிறைந்த உள்ளான் அலாஸ்காவை நோக்கிப் பறக்கலாம். ஒரே வயல், இரண்டு குடும்பங்களுக்குச் சோறு!