அரூருக்கு உறுப்பினர் இல்லாத இருபது மாதங்கள்

தீர்த்தமலை மக்கள் வாக்களிப்பது அரூர் தொகுதியில். 2016 மே மாதத் தேர்தலில் அந்தத் தொகுதி அ.தி.மு.க.வின் ஆர். முருகனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் ப. தனபால் தகுதிநீக்கம் செய்த 18 உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அருகிலுள்ள பாப்பிரெட்டிப்பட்டியும் அன்றே உறுப்பினரை இழந்தது. அரூருக்கு அடுத்த உறுப்பினராக வே. சம்பத்குமார் கிடைத்தது 2019 மே 23 அன்றுதான். இடையில் கழிந்தவை இருபது மாதங்கள்.

ஒரு பேரவையின் உறுப்பினர் பட்டியல் அதன் காலத்துக்குள்ளேயே இப்படிக் கலைவது புதிதல்ல. 1952-இல் அமைந்த முதல் பேரவையின் பட்டியல் இதைவிடப் பெரிதாகக் கலைந்தது. அப்போது தீர்த்தமலை சேலம் மாவட்டத்து ஊர். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல். சென்னை மாநிலத்தின் அந்தப் பேரவையில் 375 பேர் இருந்தார்கள். சென்னைக் கோட்டையில் இத்தனை பேருக்கு இடமில்லாததால் அரசினர் தோட்டத்தில் தனிக் கட்டடம் எழுப்பினார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழிக்காரர்களும் ஒரே மன்றத்தில் அமர்ந்தார்கள்.

அவர்களைத் தேர்ந்தெடுத்த முறையும் வேறு. வாக்குச்சாவடித் தடுப்புக்குள் வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் அவருடைய சின்னம். கையில் கொடுத்த சீட்டில் எதையும் குறிக்க வேண்டியதில்லை. விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் போட்டால் போதும். எழுத்தறியாதவர்கள் மிகுந்திருந்த நாட்டுக்கு அது பொருத்தமான ஏற்பாடு. வாக்குரிமை 21 வயதில். 66 தொகுதிகளில் இரண்டு உறுப்பினர்கள். அங்கே ஒருவருக்கு இரண்டு வாக்கு. இன்று பதினெட்டு வயதில் வாக்கு, ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், விரலால் அழுத்தும் இயந்திரம். உறுப்பினர் எண்ணிக்கை 1967 முதல் 234.

1952-இல் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 இடங்கள். பெரும்பான்மைக்கு 188 வேண்டும். தேர்தலில் நிற்காத ராஜாஜி, மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரானார். காமன்வீல் கட்சியும் உழைப்பாளர் கட்சியும் ஆதரவு தர ஆட்சி நின்றது. காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரானார். அணி மாறுவதைத் தடுக்க அன்று சட்டம் இல்லை. அந்தச் சட்டம் 1985-இல் வந்தது. வாக்காளரிடம் ஒரு சின்னத்தில் வாக்கு வாங்கிவிட்டு வேறு பக்கம் போவதை அது கட்டுப்படுத்தியது. அது வேண்டிய சட்டம்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திரம் பிரிந்தது. பெல்லாரியின் கன்னடப் பகுதி மைசூருடன் சேர்ந்தது. 375 என்பது 231 ஆனது. 1956 நவம்பரில் மலபாரும் தென் கன்னடமும் போக, மிஞ்சியது 190. ஒரே பதவிக்காலத்தில் மன்றம் பாதியானது; அதன் பிறகு பழையபடி கோட்டைக்கே திரும்பியது. ஆனால் ஆந்திரத்து உறுப்பினர்கள் தங்கள் தொகுதிகளோடு சேர்ந்தே போனார்கள். அவர்கள் ஆந்திரப் பேரவையில் அமர்ந்தார்கள். சென்னையில் இடம் காலியானது. சித்தூர்க்காரருக்குச் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் போகவில்லை.

1985-இன் சட்டப்படி 2017-இல் நடந்த தகுதிநீக்கம் இதற்கு நேர்மாறு. மக்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். உறுப்பினர் மட்டும் இல்லை. கேள்வி நேரத்தில் அரூருக்காக எழுந்து நிற்க ஆளில்லை. அரூர் தனித்தொகுதி, சித்தேரி போன்ற மலைக் கிராமங்கள் உள்ள பக்கம். சாலை, பேருந்து, ஆசிரியர் என எதைக் கேட்பதானாலும் மனுவோடு முதலில் போய் நிற்கும் வாசல் சட்டமன்ற உறுப்பினருடையது. அந்த வாசல் மூடிக் கிடந்தது. தகுதிநீக்கத்தை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்தது; இடைத்தேர்தலுக்குத் தடை இருந்தது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்புகள் தந்தார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். அதன் பிறகும் வாக்குப்பதிவுக்கு 2019 ஏப்ரல் 18 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று சட்டத்தில் கெடு இருக்கிறது. தகுதிநீக்க வழக்கை முடிக்க அப்படி ஒரு கெடு இல்லை. அதையும் சட்டத்தில் எழுதுங்கள்.