தமாலே விற்ற பணமும் அனுப்பாத படிவமும்

அமெரிக்காவில் மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் கல்லூரிப் படிப்புக்குப் பணம் திரட்டும் பெண்கள் குழுக்கள் ஏராளம். டிசம்பர் வந்தால் மக்காச்சோள மாவை அதன் மடலில் பொதிந்து அவித்த தமாலேயை டஜன் டஜனாக விற்று உதவித்தொகை சேர்ப்பார்கள். உழைப்பில் குறையில்லை, கோட்டைவிடுவது காகித வேலையில்தான். ‘வருஷத்துக்கு ஐயாயிரம் டாலர்கூட வராது, எங்களுக்கு எதற்குப் படிவம்?’ என்ற வாதம் பாதிதான் சரி. வழக்கமான ஆண்டு வரவு 5,000 டாலரைத் தாண்டாத அறக்குழு, வரிவிலக்குக் கேட்டு 1023 விண்ணப்பம் போட வேண்டியதில்லை. ஆனால் 990-என் என்ற மின்படிவத்தை ஆண்டுதோறும் வருமானவரித் துறைக்கு அனுப்பியே ஆகவேண்டும். 50,000 டாலர் வரை வரவுள்ள குழுக்களுக்கான படிவம் அது. கட்டணம் இல்லை, கேட்பதும் பெயர், முகவரி, வரி அடையாள எண், பொறுப்பாளர் போன்ற சில விவரங்கள்தான். ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு வைத்திருந்தால் மே 15 கெடு. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அனுப்பாவிட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகும். அதன்பின் நன்கொடை தருபவருக்கும் வரிக்கழிவு கிடைக்காது.

இரண்டு ஆண்டுகள் தவறியதும் துறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்புகிறது. ஆனால் அது போய்ச் சேர்வது பழைய பொருளாளரின் வீட்டுக்கு! பொறுப்பாளர் மாறிய 60 நாட்களுக்குள் 8822-பி படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. துறையும் ஒரே முகவரிக்குக் கடிதம் போட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. முதல்முறையாக ரத்தான சிறு குழு, ரத்துக் கடிதம் வந்த அல்லது துறையின் ரத்துப் பட்டியலில் பெயர் ஏறிய நாளிலிருந்து, இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 15 மாதங்களுக்குள் 1023-ஈஇசட் படிவத்தையும் 275 டாலரையும் செலுத்தினால், முன்தேதியிட்டே விலக்கை மீட்கலாம். அதைத் தாண்டினால் படிவம் அனுப்பாததற்குத் தகுந்த காரணத்தை நிரூபிக்கும் பாடு தனி. மறுபடியும் சொல்கிறேன்: மூன்று ஆண்டுகள், மே 15.

கணக்கு சரியாக இருந்தாலும் பணம் மாணவியைச் சேராமல் போகலாம். வெளி உதவித்தொகை வந்ததும் சில கல்லூரிகள் தாங்கள் தரும் மானியத்தில் அதே தொகையைக் குறைத்துவிடுகின்றன. ஏழை மாணவிக்குச் சேர்த்த பணத்தைக் கல்லூரி தன் செலவில் மிச்சம் பிடிப்பது அநியாயம். கலிபோர்னியாவில் மத்திய அரசின் பெல் மானியத்துக்கோ, குடியேற்ற ஆவணமில்லாத மாணவர்களுக்கான அம்மாநில டிரீம் சட்ட உதவிக்கோ தகுதியுள்ளவர்களுக்கு இப்படிக் குறைப்பதை 2023-24 கல்வியாண்டு முதல் ஏபி 288 சட்டம் கட்டுப்படுத்துகிறது. அத்தகைய சட்டம் இல்லாத மாநிலங்களில், காசோலை எழுதுமுன் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு, முதலில் கடனையும் படிப்போடு வேலை பார்த்து ஈட்டும் தொகையையும்தான் குறைப்போம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், வாய்வார்த்தை போதாது.