புது கேமராவைவிட செல்போன் போட்டோ பளிச்சுன்னு இருக்கா? காரணம் இதுதான்!

பல மாதம் யோசித்து, யூடியூபில் ரிவ்யூ பார்த்து, இஎம்ஐ போட்டு ஒரு கேமரா வாங்கியாச்சு. வீட்டு விசேஷத்தில் ஆசை ஆசையாகப் படமும் எடுத்தாச்சு. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதிப் படம் இருட்டு, மீதிப் படத்தில் முகம் கலங்கல். பக்கத்தில் நின்ற சித்தப்பா போனில் எடுத்த படமோ பளிச்சென்று இருக்கிறது. "இதுக்கா இவ்ளோ பணம் கொடுத்த?" என்ற கேள்வி அடுத்து வரும்.

புதிதாக கேமரா வாங்கும் பலரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். சிலர் இங்கேயே மனம் விட்டுப்போய் கேமராவை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். உண்மையில் கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. போனும் கேமராவும் வேலை செய்யும் விதமே வேறு. அது என்னவென்று புரிந்துவிட்டால் கொடுத்த காசும் வீணாகாது, கையில் இருக்கும் போனும் கேமராவுக்கு நல்ல உதவியாளர் ஆகிவிடும்.

போன் என்ன மாயம் செய்கிறது?

போனில் பட்டனை ஒருமுறை தொட்டால் ஒரு படம் எடுத்ததாக நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தக் கணத்தில் போன் பல படங்களை எடுத்து, இருட்டான பகுதியை ஒன்றிலிருந்தும் வெளிச்சமான பகுதியை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து ஒரே படமாகத் தைத்துக் கொடுக்கிறது. முகத்தைக் கண்டுபிடித்து வெளிச்சம் கூட்டும், வானத்துக்கு நீலம் ஏற்றும், புள்ளி புள்ளியாகத் தெரியும் இரைச்சலைத் துடைக்கும். எல்லாம் ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடும்.

2018-ல் கூகுள் பிக்சல் போன்களில் 'நைட் சைட்' வந்தது. 2019-ல் ஐபோன் 11-ல் 'நைட் மோட்' வந்தது. இருட்டில் எடுத்த படமும் வெளிச்சமாக வரக் காரணம் இந்தக் கணக்கு வேலைதான்.

கேமரா இப்படிச் செய்யாது. எவ்வளவு ஒளி வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும், எது தெளிவாக இருக்க வேண்டும் என்ற முடிவுகளை உங்களிடம் விட்டுவிடும். நீங்கள் முடிவு சொல்லாவிட்டால் ஆட்டோ மோடில் அதுவே ஒரு குத்துமதிப்பு போடும். அந்தக் குத்துமதிப்பு தப்பும்போதுதான் படம் இருட்டாகவோ கலங்கலாகவோ வருகிறது.

பெரிய சென்சார் இருந்தும் ஏன் தோற்கிறது?

"கேமரா சென்சார் பெருசாச்சே, அப்புறம் ஏன்?" என்று கேட்கலாம். கேள்வி சரிதான். ஆரம்பநிலை கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 மி.மீ. அகலம், 15.6 மி.மீ. உயரம். நல்ல போன்களில் இருக்கும் மெயின் கேமரா சென்சார் சுமார் 10 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரம்தான். பரப்பளவில் கேமரா ஏறக்குறைய 5 மடங்கு பெரியது.

ஆனால் கேமராவோடு பெட்டியில் வரும் கிட் லென்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜூம் செய்யச் செய்ய அதன் துளை சுருங்கி எஃப் 5.6 அல்லது எஃப் 6.3-க்குப் போய்விடும். போன் லென்ஸ் பெரும்பாலும் எஃப் 1.8 அளவில் இருக்கும். எஃப் 1.8-ஐ ஒப்பிட்டால், எஃப் 5.6-ல் சென்சாரின் அதே அளவு பரப்பில் விழும் ஒளி ஏறத்தாழ 10-ல் ஒரு பங்குதான். பெரிய சென்சார் கொடுத்த லாபத்தை கிட் லென்ஸே சாப்பிட்டுவிடுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில், ஜூம் செய்து எடுக்கும்போது போன் ஜெயிப்பது இப்படித்தான்.

இதற்குக் காசில்லாத தீர்வு ஒன்று உண்டு. வீட்டுக்குள் ஜூம் செய்யாதீர்கள். லென்ஸை 18 மி.மீ. பக்கமே வைத்துக்கொண்டு நாலு அடி முன்னால் போய் எடுங்கள். முகத்தை ஒட்டி மட்டும் போக வேண்டாம், மூக்கு பெரிதாகத் தெரியும். காசு செலவழிக்க முடியும் என்றால், அடுத்து வாங்க வேண்டியது 50 மி.மீ. எஃப் 1.8 ரக லென்ஸ். பல நிறுவனங்களில் விலை குறைந்த லென்ஸ்களில் இதுவும் ஒன்று.

அப்போ கேமரா எதுக்கு?

வேடந்தாங்கலில் மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் நாரையை போனில் ஜூம் செய்து பாருங்கள். இறகு எல்லாம் தண்ணீரில் கரைந்த வர்ணம் மாதிரி இருக்கும். 300 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவில் கண் தெரியும். ஓடும் குழந்தை, பறக்கும் பறவை, கபடி ஆட்டம், இரவில் கோயில் தேர், பெரிதாக பிரின்ட் போட்டு மாட்டும் குடும்பப் படம் என இதற்கெல்லாம் கேமராவின் வேலை தனி.

முதலில் கற்க வேண்டிய மூன்று

அப்பர்ச்சர்: லென்ஸின் துளை அளவு. எண் சின்னதாக இருந்தால் துளை பெரிது, ஒளி அதிகம், பின்னணி மங்கும். எண் பெரிதானால் முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் தெளிவாகத் தெரிவார்கள். ஒரு ஆளை மட்டும் எடுக்க எஃப் 1.8 அல்லது எஃப் 2.8, மூன்று வரிசை குரூப் போட்டோவுக்கு எஃப் 8 பக்கம் வைக்கலாம். குரூப் போட்டோவில் பின்வரிசை மாமா மட்டும் மங்கலாக இருந்தால் அப்பர்ச்சரைப் பாருங்கள்.

ஷட்டர் வேகம்: சென்சார் எவ்வளவு நேரம் ஒளியைப் பார்க்கிறது என்பது. நின்று போஸ் கொடுப்பவருக்கு 1/125 நொடி போதும். ஓடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/2000 வரை தேவைப்படும். முகம் கலங்கி வந்த படங்களில் பெரும்பாலும் ஷட்டர் வேகம்தான் குறைவாக இருந்திருக்கும்.

ஐ.எஸ்.ஓ.: கிடைத்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பது. வெயிலில் 100, வீட்டுக்குள் 1600 அல்லது 3200. கூட்டினால் புள்ளிகள் தெரியும். அதற்குப் பயந்து குறைக்க வேண்டாம். புள்ளி உள்ள தெளிவான படத்தைச் சரி செய்யலாம், கலங்கிய முகத்தைச் சரி செய்வது கஷ்டம்.

டயலில் எங்கே ஆரம்பிப்பது?

"மேனுவலில் எடுத்தால்தான் போட்டோகிராபர்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். முதல் மாதம் டயலை 'ஏ' மோடில் வையுங்கள். கேனான் என்றால் 'ஏ.வி.' என்று இருக்கும். அப்பர்ச்சரை மட்டும் நீங்கள் முடிவு செய்வீர்கள், மற்றதை கேமரா பார்த்துக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ.-வை ஆட்டோவில் போட்டு, மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125 என்று வைக்கும் வசதி இருந்தால் வைத்துவிடுங்கள். முகம் கலங்கும் பிரச்சினை பெரிய அளவில் தீரும்.

படம் மொத்தமாக இருட்டாக வந்தால் எக்ஸ்போஷர் பட்டனில் +1 வையுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நிற்பவர் கறுத்துப்போவதற்கும், வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகத் தெரிவதற்கும் இதுவே மருந்து.

மண்டபத்தில் மட்டும் கோடு கோடாக வருகிறதே?

கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்களில் கறுப்புப் பட்டைகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் பெரும்பாலும் கோடு மறையும். மெனுவில் 'ஆன்டி ஃபிளிக்கர்' இருந்தால் ஆன் செய்யுங்கள். வீடியோ எடுப்பவர்கள் 'பால்' முறையில், நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று வைப்பது நம் ஊருக்குப் பொருந்தும்.

போனை உதவியாளர் ஆக்குவது எப்படி?

கேனானுக்கு 'கேமரா கனெக்ட்', நிக்கானுக்கு 'ஸ்னாப் பிரிட்ஜ்', சோனிக்கு 'கிரியேட்டர்ஸ் ஆப்' என்று நிறுவனங்களே இலவச ஆப் தருகின்றன. பல மாடல்களில் கேமரா பார்க்கும் காட்சியை போன் திரையில் பார்த்து, அங்கிருந்தே கிளிக் செய்யலாம். குடும்பப் படத்தில் எடுப்பவர் மட்டும் இல்லாமல் போகும் குறை இதில் தீரும்.

இணைக்கும்போது ஒரு குழப்பம் வரும். போன் கேமராவின் வைஃபையில் சேர்ந்ததும், "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை" என்று எச்சரிக்கும். பயந்து துண்டிக்க வேண்டாம், தொடரச் சொல்லுங்கள். இன்னொன்று, சில ஆப்கள் படத்தை 2 மெகாபிக்சலாகச் சுருக்கி அனுப்பும். செட்டிங்கில் முழு அளவு என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படம் சுருங்கும். 'எச்டி' என்பதைத் தேர்வு செய்யலாம் அல்லது டாக்குமென்ட்டாக அனுப்பலாம். டாக்குமென்ட்டாகப் போனால், எடுத்த இடத்தின் விவரம் படத்தில் பதிவாகியிருந்தால் அதுவும் கூடவே போகும். வீட்டில் எடுத்த குழந்தைப் படத்தைத் தெரியாதவர்களுக்கு அப்படி அனுப்ப வேண்டாம்.

எந்த கேட்ஜெட் வாங்கலாம்?

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனாலும் ஆன்லைனில் தேடினாலும் கண்ணைக் கவரும் பொருட்கள் நூறு இருக்கும். எல்லாம் தேவையில்லை.

வாங்கலாம்:

• டைப்-சி கார்டு ரீடர். வைஃபையைவிட வேகம், தலைவலி குறைவு.

• டிரைபாட், அதில் மாட்ட ஒரு மொபைல் ஹோல்டர். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே கால் அங்குலத் திருகுதான் என்பதால் ஒரே டிரைபாட் கேமராவுக்கும் போனுக்கும் உதவும்.

• காற்றடிக்கும் ரப்பர் புளோயர். லென்ஸில் தூசி விழுந்தால் வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும்.

யோசிக்கலாம்:

• கிம்பல். நடந்துகொண்டே வீடியோ எடுப்பவர்களுக்கு மட்டும் பயன். போட்டோ மட்டும் எடுப்பவர்களுக்கு அவசியமில்லை.

வேண்டாம்:

• மிக மலிவான கிளிப் லென்ஸ். படத்தின் ஓரங்கள் கலங்கிப்போகும்.

• சில நூறு ரூபாய்க்கு '1 டிபி' என்று விற்கும் மெமரி கார்டு. சொன்ன கொள்ளளவு உள்ளே இருக்காது. நிரம்பியதும் படங்கள் அழியும் அபாயம் உண்டு.

படம் அழிந்துவிட்டால்?

கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டால் பதறி இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டை உடனே வெளியே எடுத்து வையுங்கள். அழித்த படங்கள் மேல் புதிய படம் எழுதப்படாதவரை, மீட்பு மென்பொருள் மூலம் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. விசேஷம் முடிந்த அன்று இரவே படங்களை இரண்டு இடங்களில் காப்பி செய்துவிட்டு, அதன் பிறகு கார்டை கேமராவிலேயே ஃபார்மேட் செய்வது நல்ல பழக்கம்.

கேமராவைக் கெடுக்கும் மூன்று விஷயங்கள்

பூஞ்சை: சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் லென்ஸுக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். பையிலோ பீரோவிலோ மாதக்கணக்கில் மூடி வைத்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருப்பது நல்லது. அதைவிட நல்லது, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவது.

லேசர்: டி.ஜே. மேடையிலும் கச்சேரியிலும் சுழலும் லேசர் நேராக லென்ஸில் விழுந்தால் சென்சாரில் நிரந்தரமாகக் கோடு விழலாம். போனுக்கும் இதே ஆபத்து உண்டு.

அதிர்வு: பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி மேப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. அதிக சக்தி கொண்ட பைக் இன்ஜின்களின் அதிர்வு, நடுக்கத்தைச் சமன் செய்யும் கேமரா பாகத்தைப் பாதிக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது.

முக்கியமான ஒன்று

பாட்டியின் சதாபிஷேகமோ குழந்தையின் முதல் பிறந்தநாளோ இன்னொரு முறை நடக்காது. பழகாத கேமராவை மட்டும் நம்பி அங்கே போகாதீர்கள். திரும்ப எடுக்க முடிகிற விஷயங்களில் முதலில் பழகுங்கள். காலையில் வாசல் கோலம், சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆடும் பசங்க, வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அப்பா என்று தினமும் 10 படம் எடுத்தால் போதும். எடுத்த பிறகு, எந்த எண்ணில் எது சரியாக வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் அந்த எண்கள் பதிவாகியிருக்கும்.

விசேஷத்துக்கு முந்தைய நாள் அதே மண்டபத்தில் நாலு படம் எடுத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பேட்டரி சார்ஜ், காலி கார்டு, ஷட்டர் வேகம் மூன்றையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அன்று முக்கியமான தருணங்களை மட்டும் போனிலும் ஒருமுறை எடுத்துவிடச் சொல்லி சித்தப்பாவிடம் சொல்லி வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசியில் வீட்டுக்கு வேண்டியது பாட்டி சிரிக்கிற ஒரு நல்ல படம்தான், அது எதில் எடுத்தது என்று ஆல்பம் பார்க்கிற யாரும் கேட்கப்போவதில்லை.